புதிய ஓட்டக் கடிகாரம் ஏமாற்றிவிட்டதா? திருப்பிக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

நான்கு ஆண்டுகள் என் மணிக்கட்டில் கிடந்த ஜிபிஎஸ் ஓட்டக் கடிகாரத்தின் மின்கலம் ஒரு மணி நேரத்தைக்கூடத் தாங்காத நிலைக்கு வந்தபோது, அதே வரிசையில் வெளிவந்திருந்த புதிய மாதிரியை, விலையைப் பார்த்து இரண்டு மாதம் தயங்கிய பிறகு வாங்கினேன். மறுநாள் காலை ஐந்தேகால் மணிக்கு மெரினாவில் உழைப்பாளர் சிலை அருகே தொடங்கி, கலங்கரை விளக்கம் வரை ஓடித் திரும்பினேன். நாள்தோறும் ஓடும் அதே பாதையில் வழக்கத்தைவிட 150 மீட்டர் குறைவாகக் காட்டியது. பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், நான் சீராக ஓடிக்கொண்டிருந்தபோதே 5:10க்கும் 6:40க்கும் இடையே தாவியது. நண்பரிடம் பேசிக்கொண்டே ஓடியவனுக்கு முதல் கிலோமீட்டரிலேயே இதயத் துடிப்பு 176 என்றது. பழைய கடிகாரத்தில் லேப் பொத்தான், அதாவது ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனியாகக் குறிக்கும் பொத்தான், இருந்த இடத்தில் இப்போது வெறும் உலோக விளிம்புதான் இருந்தது. திரையை இருமுறை தட்ட வேண்டுமாம், வியர்த்த விரலுக்கு அது மசியவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டத்துக்கே மின்கலத்தில் 6 சதவீதம் கரைந்திருந்தது.

அன்றே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பாமல் ஒரு வாரம் சோதித்துப் பார்த்ததில், இந்த ஐந்து குறைகளில் ஒன்று பழைய கடிகாரத்தின் குற்றம், இரண்டு நான் மாற்றாமல் விட்ட அமைப்புகளின் குற்றம், ஒன்று நான் வாரைக் கட்டிய விதத்தின் குற்றம், ஒன்றே ஒன்றுதான் புதிய கடிகாரத்தின் குற்றம் என்று தெரிந்தது. எது எந்த வகை என்று பிரித்தறியாமல் திருப்பிக் கொடுப்பவர் அடுத்து வாங்கும் கடிகாரத்திலும் அதே குறைகளைச் சொல்வார். பிரித்தறியாமல் வைத்துக்கொள்பவர் உண்மையிலேயே பழுதான ஒன்றைப் பழகிக்கொண்டு ஓடுவார். நான் செய்த சோதனைகளை, செய்திருக்க வேண்டிய வரிசையில் கீழே தருகிறேன்.

படி 1: பழையதை விற்காதீர்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

இணையக் கடைகள் பலவற்றில் மின்னணுப் பொருள்களைத் திருப்பவோ மாற்றவோ 7 அல்லது 10 நாள் மட்டுமே தருகிறார்கள். அதுவும் பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. வாங்கிய பக்கத்திலேயே அந்த நிபந்தனை இருக்கும். சில கடைகள் மாற்றுப்பொருள் மட்டுமே தரும், பணம் தராது. சில கடைகள் திருப்பி எடுக்கும் முன் சேவை மையத்தின் சான்று கேட்கும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பாகக் கைபேசியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிடுங்கள். பெட்டி, அதனுள் இருந்த அட்டை, மின்னேற்றக் கம்பி, பயன்படுத்தாத இரண்டாவது வார், விலைப்பட்டியல் எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும். திரையின் மேல் ஒட்டும் பாதுகாப்புத் தாளை இப்போதைக்கு ஒட்ட வேண்டாம்.

பழைய கடிகாரம் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் அரை மணி நேரம் ஓடினால் போதும். ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல துணை கிடைக்காது. ஆனால் அதை நீதிபதியாக அமர்த்திவிடக் கூடாது, அதையும் கூண்டில் ஏற்ற வேண்டும். ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

படி 2: குறையை எண்ணாக எழுதுங்கள்

“ஜிபிஎஸ் சரியில்லை” என்பதை யாராலும் சோதிக்க முடியாது. “5.6 கிலோமீட்டர் காட்ட வேண்டிய பாதையில் 5.45 காட்டுகிறது” என்பதைச் சோதிக்கலாம். ஒவ்வொரு குறைக்கும் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த எண் வந்தது, நீங்கள் எதிர்பார்த்தது எது, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு “பழைய கடிகாரம் அப்படித்தான் காட்டும்” என்பதே பதிலாக வந்தால், அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

படி 3: பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓடாதீர்கள்

உங்கள் கைக்கு வரும் கடிகாரம் கிடங்கில் பல மாதம் உறங்கியிருக்கக்கூடும். அதனுள் இருக்கும் மென்பொருள் அது ஆலையை விட்டுக் கிளம்பிய நாளுடையது. புதிய மாதிரிகள் வெளிவந்த முதல் சில மாதங்களில் ஜிபிஎஸ், இதயத் துடிப்பு ஆகியவற்றுக்கான திருத்தங்கள் அடுத்தடுத்து வருவது வழக்கம் என்பதால், முதல் வேலையாகக் கடிகாரத்தை முழுமையாக மின்னேற்றி, கைபேசிச் செயலியோடு இணைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, ஒருமுறை அணைத்து இயக்குங்கள்.

அடுத்தது செயற்கைக்கோள் தரவு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தான் சுற்றும் பாதையின் விவரத்தை, நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில், 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணையும் வானிலிருந்து முழுதாக இறங்க 12.5 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான், வரும் நாள்களுக்கான பாதைக் கணிப்பைச் செயலி இணையத்திலிருந்து எடுத்துக் கடிகாரத்துக்குள் முன்கூட்டியே போட்டுவைக்கிறது. செயலியோடு ஒத்திசைக்காத கடிகாரத்துக்கு அந்தக் கணிப்பு இல்லை. அது தன் இருப்பிடத்தைத் தேடித் தடுமாறும். எனவே ஒத்திசைத்த பிறகு, மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ ஓட்டப் பயன்முறையைத் திறந்து இருபது நிமிடம் சும்மா வைத்துவிடுங்கள். ஓடும் நாளில், கடிகாரம் தயார் என்று அதிர்ந்த பிறகும் இன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதலில் கிடைப்பது இருப்பிடம் மட்டுமே. மேலும் பல செயற்கைக்கோள்கள் சேரச் சேரத்தான் துல்லியம் கூடும். காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்புகிறவர்களின் தடம், வரைபடத்தில் முதல் 300 மீட்டருக்குப் பக்கத்து வீட்டுக் கூரை மேல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

படி 4: இரண்டு கடிகாரங்களின் அமைப்புகளையும் அருகருகே வையுங்கள்

உணவு மேசையில் இரண்டையும் வைத்துக்கொண்டு, பட்டியலின் ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான், என் ஐந்து குறைகளில் ஒன்று இங்கேதான் சிக்கியது.

முக்கியமானது செயற்கைக்கோள் பயன்முறை. அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டும், அதோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய எல்லாம், எல்லாவற்றோடும் இரட்டை அலைவரிசை, தானியங்கித் தேர்வு என்று நான்கைந்து வகை இருக்கும். இரட்டை அலைவரிசை என்பது வெறும் விளம்பரச் சொல் என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. பழைய கடிகாரங்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சமிக்ஞையை மட்டும் கேட்டன. புதியவை 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 சமிக்ஞையையும் கேட்கின்றன. எல்5இன் குறியீடு பத்து மடங்கு வேகமாகத் துடிப்பதால், கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பித் தாமதமாக வரும் எதிரொலியை நேரடிச் சமிக்ஞையிலிருந்து பிரித்துப் பார்ப்பது எளிதாகிறது. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் நோக்கி மெட்ரோ மேம்பாலத்தின் ஓரமாக நூறடிச் சாலையில் ஓடுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். ஒரு பக்கம் மட்டுமே கட்டடங்கள் இருந்து மறுபக்கம் கடலும் வானமும் திறந்து கிடக்கும் காமராசர் சாலையில் ஓடுகிறவருக்கு இதனால் ஆதாயம் சொற்பம், மின்கலச் செலவு மட்டும் மிச்சம். என் கடிகாரத்தில் இது எப்போதும் இயங்கும்படி இருந்தது; திரையும் ஓட்டம் முழுவதும் முழு வெளிச்சத்தில் எரிந்தது. இரண்டையும் மாற்றிய பிறகு அதே ஓட்டத்துக்கு 3 சதவீதம் போதுமானதாக இருந்தது. மின்கலக் குறையைத் தாளிலிருந்து அடித்துவிட்டேன்.

மற்றவற்றில், தரவை ஒவ்வொரு நொடியும் பதிவு செய்கிறதா அல்லது தனக்குத் தோன்றும்போது மட்டுமா என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு நொடியும் என்பதையே தேர்ந்தெடுங்கள். தானாக நிறுத்தி இயக்கும் வசதியைச் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள்; போக்குவரத்து விளக்கில் நிற்கும்போதெல்லாம் அது ஒப்பீட்டைக் குழப்பும். பிறந்த ஆண்டு, எடை, எந்தக் கையில் கட்டுகிறீர்கள், அதிகபட்ச இதயத் துடிப்பு ஆகியவை புதிய கடிகாரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தனவா என்று பாருங்கள். காலணியில் பொருத்தும் உணரி எப்போதாவது வாங்கியிருந்தால், அதன் இணைப்பைத் துண்டியுங்கள். சில கடிகாரங்கள் ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு அதைக் கேட்டுத் தூரத்தைச் சொல்லும்.

படி 5: தூரத்தை ஓடுதளத்தில் சோதியுங்கள்

ஏற்கெனவே அளக்கப்பட்ட தூரம் ஒன்று வேண்டும். நெடுஞ்சாலை மைல்கல்லை நம்பாதீர்கள். கைபேசி வரைபடத்தில் விரலால் இழுத்து அளப்பதும் போதாது. 400 மீட்டர் செயற்கை ஓடுதளம்தான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டக்கூடிய அளவுகோல். விளையாட்டு விழாவுக்காகச் சுண்ணாம்புக் கோடு இழுத்த மண் தளம் வேண்டாம். அந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

உள்விளிம்புத் தடத்தின் 400 மீட்டர் என்பது, உள்பக்க விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறவருக்கான கணக்கு. தடத்தின் அகலம் 1.22 மீட்டர். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வழிவிட்டு நான்காம் தடத்தில் ஓடினால், ஒரு சுற்றே ஏறத்தாழ 422 மீட்டர் ஆகிவிடும். பன்னிரண்டரைச் சுற்றில் 280 மீட்டர் கூடிவிடும். இதை அறியாமல் கடிகாரத்தைத் திட்டுகிறவர்கள் அநேகம். ஆகவே கூட்டம் வருமுன் போங்கள், முதல் தடத்தில் ஓடுங்கள், வெட்டி முந்தாதீர்கள். கடிகாரத்தில் ஓடுதளத்துக்கென்று தனிப் பயன்முறை இருந்தால், அதைத் தவிர்த்து வழக்கமான ஓட்டப் பயன்முறையையே பயன்படுத்துங்கள்; தனிப் பயன்முறை உங்கள் தடத்தை 400 மீட்டர் வடிவத்தோடு ஒட்டவைத்துக் காட்டும், சோதனையில் அது விடைத்தாளைப் பார்த்து எழுதுவதற்குச் சமம்.

இரண்டு கடிகாரங்களையும் இரு கைகளில் கட்டி, ஒரே நேரத்தில் தொடங்கி, பன்னிரண்டரைச் சுற்று, அதாவது சரியாக 5 கிலோமீட்டர் ஓடுங்கள். மறுநாள் கைகளை மாற்றிக் கட்டுங்கள். இடஞ்சுழியாக ஓடும்போது இடக் கை எப்போதும் உள்பக்கம் இருக்கும், வலக் கை வெளிப்பக்கம் இருக்கும் என்பதோடு, ஒரு பக்கத்துச் செயற்கைக்கோள்களை உடலே மறைக்கும். மூன்றாம் நாளும் ஓடினால்தான் முடிவு நம்பத்தக்கதாகும். வளைவுகள் நிறைந்த ஓடுதளம் எந்தக் கடிகாரத்துக்கும் கடினமான தேர்வு என்பதால், ஒரு விழுக்காடு பிழையை நான் குறையாகக் கருதமாட்டேன்.

என் மூன்று நாள் கணக்கில் புதிய கடிகாரம் 5.02, 5.03, 5.01 என்றது. பழையது 5.14, 5.13, 5.15 என்றது. தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகளாக நம்பிய கடிகாரம் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று வீதம் கூட்டிச் சொல்லிவந்திருக்கிறது. அதன் கணக்கில் நான் 5 கிலோமீட்டரை 27 நிமிடத்தில் ஓடியதாகப் பெருமையோடு சொல்லித் திரிந்த நாளில், உண்மையில் 4.86 கிலோமீட்டரில் நின்றிருக்கிறேன்; மீதியையும் ஓடியிருந்தால் 27 நிமிடம் 45 நொடி ஆகியிருக்கும். புதிய கடிகாரம் மெரினாவில் என்னிடமிருந்து திருடியதாக நினைத்த அந்த 150 மீட்டர் முதலிலிருந்தே என்னுடையதாக இருக்கவில்லை. ஏமாற்றம் தீரவில்லை, ஆள் மட்டும் மாறியது.

பந்தயத்தை வைத்துக் கடிகாரத்தை எடைபோடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முறையாகச் சான்றளிக்கப்படும் சாலைப் பந்தயப் பாதையை, சக்கரத்தில் சுற்று எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியால், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். 42.195 கிலோமீட்டர் மாரத்தானில் அதுவே 42 மீட்டர். நீங்களோ வளைவுகளை அகலமாகச் சுற்றி, தண்ணீர் மேசைக்காகச் சாலையைக் கடந்து, மெதுவாகப் போகிறவர்களை விலகி முந்தி ஓடுகிறீர்கள். கடிகாரம் 42.6 என்று காட்டினால் அதன் மீது வழக்குப் போட வேண்டியதில்லை. 42.0 என்று காட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

படி 6: தாவும் பேஸ்

கடிகாரம் அந்த நொடியின் பேஸை மிகச் சிறிய இடைவெளியில் கணக்கிடுகிறது. அந்தச் சிறு இடைவெளியில் இருப்பிடத்தில் வரும் ஓரிரு மீட்டர் பிழையும், கை வீச்சும் சேர்ந்து எண்ணை அலைக்கழிக்கும். பழைய கடிகாரங்கள் பல நொடிகளின் சராசரியை எடுத்து வழவழப்பாக்கிக் காட்டியிருக்கலாம். அமைதியாக இருந்த அந்த எண் பத்து நொடி பழையதாகவும் இருந்திருக்கலாம். ஓட்டத் திரையில் நொடிப் பேஸை எடுத்துவிட்டு, நடப்புச் சுற்றின் பேஸை வைத்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானாகச் சுற்று மாறும்படி செய்யுங்கள். முதல் 200 மீட்டர் தாண்டியதும் அது நிலைபெற்றுவிடும். இப்படி மாற்றிய பிறகும் நடப்புச் சுற்றின் பேஸ் அலைபாய்ந்தால், அப்போது கடிகாரத்தைச் சந்தேகிக்கலாம்.

படி 7: இதயத் துடிப்பு

கடிகாரத்தின் அடிப்பக்கத்துப் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்து ரத்த ஓட்டத்தின் அலையை ஊகிக்கிறது. கை ஆடும்போது, கடிகாரம் குலுங்கும்போது, வியர்வைப் படலத்தின் மேல் வழுக்கும்போது அதே போன்ற வேறொரு அலை உண்டாகிறது. நம்மில் பலரும் நிமிடத்துக்கு 160 முதல் 180 காலடி வைத்து ஓடுகிறோம். இதயமும் கடும் ஓட்டத்தில் அந்த எல்லைக்குள்தான் துடிக்கும். எனவே கடிகாரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஓட்டம் முடிந்ததும் செயலியில் இதயத் துடிப்பு வரைபடத்தையும் காலடி வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். என் முதல் நாள் ஓட்டத்தில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்குத் தாலி கட்டியதுபோல் ஒன்றாகவே போயின: 176 காலடி, 176 துடிப்பு.

சரிசெய்ய முதலில் வாரைப் பாருங்கள். மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கம் தள்ளிக் கட்டுங்கள். ஓடும்போது ஒரு துளை இறுக்குங்கள், முடிந்ததும் தளர்த்துங்கள். புதிய மாதிரியின் உடல் பழையதைவிடக் கனமாகவோ உணரிப் பகுதி புடைத்தோ இருந்தால், பழையதைக் கட்டிய அதே தளர்ச்சி இதற்குப் பொருந்தாது. என் நிலையில் பெட்டியோடு வந்த சிலிக்கோன் வார் வியர்த்ததும் சறுக்கியது. இழுத்து ஒட்டும் வகை நைலான் வார் போட்டதும் எண்கள் நேராயின. தொடங்கும் முன் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்வதும் உதவுகிறது.

பிறகு சரிபார்ப்பு. செலவில்லாத வழி: ஓட்டத்தின் நடுவே நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கி, கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள், நின்றவுடன் துடிப்பு இறங்கத் தொடங்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது. உறுதியான வழி மார்புப் பட்டை. அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்துடிப்பையே நேரடியாகப் பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இலேயே கம்பியில்லா மார்புப் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாற்பது ஆண்டு பழைய அந்தத் தொழில்நுட்பத்தை, குறிப்பாக வேகத்தை ஏற்றி இறக்கி ஓடும் பயிற்சிகளில், எந்த மணிக்கட்டுக் கடிகாரமும் இன்னும் வெல்லவில்லை என்பதே என் கருத்து. நண்பரிடம் ஒன்று இருந்தால் ஒருநாள் இரவல் வாங்குங்கள். மின்முனைகளை நன்றாக நனைத்துக் கட்டி, பட்டையைப் பழைய கடிகாரத்தோடு இணைத்து, புதிய கடிகாரத்தின் மணிக்கட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். வார் இறுக்கமாக இருந்தும், சீரான ஓட்டத்திலேயே இரண்டுக்கும் இடையே 15, 20 துடிப்பு வேறுபாடு நீடித்தால், உணரி உங்கள் கைக்குப் பொருந்தவில்லை அல்லது பழுது. பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டியிருந்தால் மட்டும் கையை மாற்றிப் பாருங்கள்; மை ஒளியை விழுங்கிவிடும்.

படி 8: ஏற்றமும் மதிப்பெண்களும்

காற்றழுத்த உணரியுள்ள கடிகாரம் உயரத்தை அழுத்த மாற்றத்திலிருந்து கணக்கிடுகிறது. கடல்மட்டத்துக்கு அருகே அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறியதாக எடுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் தாழ்வுமண்டலம் நெருங்கும் நாளில், நின்ற இடத்திலேயே அது உங்களைக் குன்றின் மேல் ஏற்றிவிடும். சாதாரண நாளிலும் மெரினா ஓட்டத்துக்கு 80 மீட்டர் ஏற்றம் காட்டினால், நேப்பியர் பாலத்தைத் தவிர அங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை என்பதால், உணரியின் சிறு துளையில் வியர்வை உப்போ சோப்போ அடைத்திருக்கக்கூடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். ஊசியை விட்டுக் குத்தாதீர்கள்.

ஆக்சிஜன் உள்வாங்கு திறன், பயிற்சிக்கு உடல் தயாரா என்ற மதிப்பெண், பந்தய நேரக் கணிப்பு ஆகியவற்றைக் கண்டு மனம் ஒடிந்தவர்களுக்கு என் ஆலோசனை, மூன்று வாரம் அந்தத் திரைகளைத் திறக்காதீர்கள் என்பதே. கடிகாரம் உங்களை இப்போதுதான் சந்தித்திருக்கிறது. உங்கள் அதிகபட்சத் துடிப்பை 220லிருந்து வயதைக் கழித்து வைத்திருக்கும்; அது பலருக்குப் பத்துக்கு மேல் முன்பின் ஆகும். சென்னையின் மே மாதக் காலையில் வெப்பமும் ஈரப்பதமும் துடிப்பை ஏற்றிவிட, அதே வேகத்துக்கு இவ்வளவு துடிப்பா என்று கடிகாரம் உங்கள் தகுதியைக் குறைத்துப் போடும். தவறான துடிப்பு எண்ணின் மேல் கட்டப்பட்ட மதிப்பெண்ணும் தவறுதான் என்பதால், ஏழாம் படி முடியாமல் இதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அதன் பிறகும், நாள்காட்டியின் பின்பக்கத்து ராசிபலனுக்குத் தரும் மரியாதையைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் நான் தருகிறேன்.

படி 9: திரையும் பொத்தானும்

இந்தப் படிக்கு அளவுகோல் எதுவும் இல்லை, ஆனால் நாள்தோறும் எரிச்சலூட்டுவது இதுதான். மின்னும் அமோலெட் திரை கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருக்கும். வெயிலில் தானே பளிச்சென்று தெரியும் பழைய மங்கல் திரையோ எப்போதும் விழித்தே இருக்கும். கையைத் திருப்பித் திருப்பி எழுப்ப வேண்டியதில்லை. உச்சி வெயிலில், முழு வியர்வையில், கடும் வேகத்தில் மூன்று செயல்களைச் செய்து பாருங்கள்: ஒரு பார்வையில் எண்ணைப் படித்தல், சுற்றைக் குறித்தல், ஓட்டத்தை நிறுத்துதல். ஓட்டத்தின்போது தொடுதிரையை அணைக்கும் வசதியும், ஏதேனும் ஒரு பொத்தானுக்குச் சுற்றுக் குறிக்கும் வேலையை ஒதுக்கும் வசதியும் இருக்கிறதா என்று தேடுங்கள். என் கடிகாரத்தில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. 400 மீட்டர் வேகப் பயிற்சியின் எட்டுச் சுற்றில் மூன்றை மட்டுமே என்னால் குறிக்க முடிந்தது. எந்த அமைப்பாலும் தீராத குறை என்று தாளில் தனியாக வட்டமிட்டேன்.

படி 10: முடிவெடுத்தலும் திருப்பிக் கொடுத்தலும்

இப்போது தாளில் மிஞ்சியிருப்பவற்றை இரண்டாகப் பிரியுங்கள். அறிவித்தபடி வேலை செய்யாதது பழுது: ஓடுதளத்தில் மூன்று நாளும் 4 சதவீதம் பிழை, சீரான ஓட்டத்திலும் நிலைக்காத துடிப்பு, பெட்டியில் சொன்ன அதே பயன்முறையில் பாதி நேரம்கூட வராத மின்கலம். அறிவித்தபடியே வேலை செய்தும் உங்களுக்கு ஒவ்வாதது வடிவமைப்பு: பொத்தான், திரை, எடை, பட்டியல் அடுக்கு. பழுதுக்கு மாற்றுப்பொருள் கேளுங்கள். வடிவமைப்புக் குறைக்கு மாற்றுப்பொருள் வாங்குவது வீண். அடுத்ததும் அச்சு அசல் அப்படியே இருக்கும். அதற்குத் திருப்பும் காலக்கெடு முடியுமுன் பணத்தைக் கேட்க வேண்டும், கடை மறுத்தால் புத்தம் புதிதாக இருக்கும்போதே விற்றுவிட வேண்டும்.

பழுது என்றால், பேச்சில் விடாமல் எழுத்தில் புகார் அளியுங்கள். வரிசை எண், மென்பொருள் பதிப்பு, மூன்று நாள் சோதனையின் அட்டவணை, இரு கடிகாரங்களின் தடத்தையும் அருகருகே காட்டும் படம், செயலியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பு ஆகியவற்றை இணையுங்கள். “அணைத்து இயக்கிப் பாருங்கள்” என்ற முதல் பதிலுக்கு, அதை எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று உடனே சொல்ல முடியும். குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளையோ திரும்பப் பெற இணையவழி விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு அளிக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

ஒப்படைக்கும் முன் உங்கள் ஓட்டப் பதிவுகளைச் செயலியோடு ஒத்திசைத்து, கைபேசி இணைப்பைத் துண்டித்து, கடிகாரத்தை ஆலை நிலைக்கு மீட்டமையுங்கள். பணம் செலுத்தும் அட்டையை அதில் ஏற்றியிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். பெட்டியை மூடுவதைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். தூரம் துல்லியம், பேஸ் சரி, துடிப்பு சரி, மின்கலம் சரி. லேப் பொத்தான் இல்லை என்ற ஒரே காரணம்தான். அடுத்து வாங்கியது, அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த, ஐந்து பொத்தான் உள்ள ஒன்று, விலையும் குறைவு. இந்த முறை நேரில் கடைக்குப் போனேன். சட்டைப் பையில் ஈரக் கைக்குட்டை ஒன்றை வைத்திருந்தேன். விரல்களை அதில் நனைத்துக்கொண்டு, காட்சிக்கு வைத்திருந்த கடிகாரத்தைக் கட்டி, நின்ற இடத்திலேயே கையை வீசி ஓடுவதுபோல் ஆட்டி, பார்க்காமல் லேப் பொத்தானைப் பத்து முறை அழுத்தினேன். பத்தும் பதிவாயின. விற்பனைப் பையன் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.